முதுகில் ஓட்டை உள்ள பெண்மணி

பயம் வந்தால் பலருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அது ஒரு கொடுப்பினை. எனக்கு இரண்டும் ஓடும். பயந்த அடுத்த நொடியே எதையாவது செய்தாக வேண்டும் என்று உடம்பு முழுக்க ஒரு சுறுசுறுப்பு வந்துவிடும். சும்மா இருந்திருந்தால் தானாகவே சரியாகப் போயிருக்கும் காரியங்களை இந்தச் சுறுசுறுப்பினால் நான் குட்டிச்சுவராக்கிய கதைகள் நிறைய உண்டு. அதில் உச்சம் இது. ஏனென்றால் இதில் நான் கை வைத்தது ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு பொருளின் மேல்.

எழுபதுகளின் நடுவில் குவைத்தில் ஓர் அருங்காட்சியகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். (திருச்சியில் என் அம்மா எல்லோரிடமும் "பையன் மியூசியத்துல ஆபீசர்" என்று சொல்லிவைத்திருந்தாள். நானும் மறுக்கவில்லை.) வீடு ஃபஹாஹீலில். கடைத்தெருவுக்கு மேலே ஒரு அறை, ஒரு சமையலறை, கழுத்தை வளைத்துப் பார்த்தால் கொஞ்சம் கடல். அந்த வீட்டுக்கு என் மனைவி வத்சலா வந்து சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அவளுக்கு விசா வாங்க நான் கும்பிடாத ஆள் இல்லை, ஏறாத படி இல்லை. பிரஷர் குக்கரும் ஊறுகாய் ஜாடியுமாக அவள் விமான நிலையத்தில் வந்து நின்ற காட்சியைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கலியாணம் ஆனது என்பதே உறைத்தது.

வேலை போனால் விசா போகும். விசா போனால் இரண்டு பேரும் பம்பாய் விமானத்தில் ஏற வேண்டியதுதான். அந்தக் காலத்தில் நான் காலையில் கண் விழிப்பதே இந்தப் பயத்தோடுதான்.

இந்த நிலையில், மெக்சிகோ நாட்டிலிருந்து சில களிமண் உருவங்கள் எங்கள் அருங்காட்சியகத்துக்குக் காட்சிக்கு வந்தன. மாயா என்ற பழைய இனத்தார் செய்தவை. பெட்டிகள் முன்னாலேயே வந்துவிட்டன. அவற்றைப் பற்றித் தெரிந்த ஒரே ஆளான டாக்டர் இசபெல் என்ற அம்மையாரின் விமானம் மட்டும் வழியில் எங்கோ நின்றுவிட்டது. குறிப்புகள் எல்லாம் அவர் கைப்பையில். திறப்பு விழாவோ அன்று மாலை.

எங்கள் பிரிவின் தலைவர் உஸ்தாத் ஃபுவாத், எகிப்துக்காரர். தங்கமான மனிதர். ஆனால் நேரம் கேட்டால்கூடச் சண்டைக்கு இழுக்கிற குரலில்தான் சொல்வார். அவர் என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"நீ ஹிஸ்டரி படித்தவன்தானே?"

"யெஸ் சார்."

பி.ஏ. ஹிஸ்டரி, மூன்றாம் வகுப்பு. எங்கள் கல்லூரியில் சரித்திரம் பிளாசிப் போரில் ஆரம்பித்து, வாத்தியார் விடுமுறையில் போகும்போது முடிந்துவிடும். மாயா இனத்தார் பாடத்திட்டத்தில் இல்லை. இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன், பயத்தில் வரவில்லை.

"ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு வரி. என்ன தெரிகிறதோ அதை எழுது. டாக்டர் வந்தால் மாற்றிக்கொள்வார். காட்சிப் பெட்டிகளுக்குக் கண்ணாடி மத்தியானம் மாட்டுவார்கள், அதற்குள் அட்டைகள் வேண்டும். யல்லா, சீக்கிரம்."

காட்சிக்கூடத்தில் அப்போது இருந்தது ஜெரோம் மட்டும்தான். குளச்சல் கடற்கரைக்காரர், ஏசி மெக்கானிக். ஏணி மேல் ஏறி நின்று, கூரைக்குள் தலையை விட்டு எதையோ திருகிக்கொண்டிருந்தார். நான் அட்டையும் பேனாவுமாக உருவங்களைச் சுற்றி வந்தேன். "நிற்கும் ஆண்" என்று ஒன்றுக்கு எழுதினேன். அடுத்ததும் நிற்கும் ஆண்தான். வித்தியாசம் வேண்டுமே என்று "கோபமாக நிற்கும் ஆண்" என்று எழுதினேன். "மிருகம், அநேகமாக நாய்" என்று இன்னொன்றுக்கு. (அது நாய் இல்லை என்று பிறகு தெரிந்தது. மிருகமும் இல்லை.) வேலை சுலபமாக இருக்கவே குளிர்விட்டுப் போயிற்று.

கடைசியில் அந்தப் பெண்மணி. ஒரு சாண் உயரம். சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். காதில் தட்டு மாதிரித் தோடு, கழுத்தில் பருத்த மணிமாலை, தலைமுடியைத் தூக்கி வாரிக் கட்டியிருந்தாள். ஒரு கையை, "அதெல்லாம் முடியாது" என்கிற மாதிரி உயர்த்தி, வாயை லேசாகத் திறந்திருந்தாள்.

பார்த்ததும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நவராத்திரிக் கொலுவில் அரிசி, பருப்பு, வெல்லம் என்று கடை பரப்பி உட்கார்ந்திருப்பார்களே செட்டியாரும் செட்டிச்சியும், அந்தச் செட்டிச்சியம்மாவேதான். செட்டியாரைக் காணவில்லை, அவ்வளவுதான். "விலையைக் குறைக்க மறுக்கும் கடைக்காரப் பெண்மணி" என்று இங்கிலீஷில் அழகாக எழுதினேன்.

அதோடு போயிருக்கலாம். ஆனால் கொலு ஞாபகம் வந்ததும் கை பழக்கத்தில் போய்விட்டது. எங்கள் வீட்டில் பொம்மை வாங்கும் சட்டம் ஒன்று உண்டு. முகத்தைப் பார்த்து மயங்கக் கூடாது, கவிழ்த்து அடியைப் பார்க்க வேண்டும். மண் நன்றாகச் சுட்டிருக்கிறதா, எந்த ஊர்ச் சரக்கு, எல்லாம் அடியில் தெரியும். நான் செட்டிச்சியம்மாவை இரண்டு கையாலும் தூக்கிக் கவிழ்த்தேன்.

உள்ளே கலகலவென்று ஏதோ உருண்டது.

என் உயிர் அங்கேயே பாதி போய்விட்டது. அடியில் பார்த்தேன், ஒன்றும் இல்லை. முதுகைத் திருப்பினேன். அங்கே ஒரு ஓட்டை. ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு குட்டை முளை, ஏதோ உடைந்துபோய் மிச்சம் நிற்கிற மாதிரி. எந்தப் பொம்மைக்கும் ஓட்டை அடியில்தான் இருக்கும்; சூளையில் வெடிக்காமல் இருக்க வைப்பது. முதுகில் ஓட்டை வைக்கிற குயவனை நான் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை. ஆக, முதுகிலிருந்து ஒரு துண்டு உடைந்து உள்ளே விழுந்து உருள்கிறது. உடைத்தவன் நான்.

ஏணியிலிருந்து ஜெரோம் தலையை வெளியே எடுத்தார்.

"சாரே, அதென்ன சத்தம்?"

"எந்தச் சத்தம்?"

"உள்ள என்னமோ விழுந்த சத்தம். எனக்கு இஞ்ச வரைக்கும் கேட்டுது. ஒடச்சிட்டியளா?"

"தூக்கத்தான் செஞ்சேன் ஜெரோம். சும்மா தூக்கினேன்."

அவர் மெல்ல இறங்கி வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஓட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எங்க ஊருக்காரன் ஒருத்தன் சவுதியில தம்மாமுல மொதலாளி வீட்டுக் கண்ணாடிய ஒடச்சான் சாரே. பொறவு அவன் எங்க இருக்கான்னே தகவல் இல்ல."

"கண்ணாடிக்கா?"

"வெறுங் கண்ணாடிக்கி. இது ஆயிரம் வருசத்துக்குள்ளதுல்லா." சொல்லிவிட்டு ஏணியில் ஏறத் தொடங்கினார். பாதியில் நின்று, "நான் ஒண்ணும் பாக்கல்ல, கேட்டியளா. ஏசிய மட்டுந்தான் பாத்தேன்" என்று கூரைக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

வாசலில் போலீஸ், வத்சலா பெட்டியோடு நிற்பது, திருச்சி ஜங்ஷனில் என் அப்பா எங்களை எதிர்கொள்ளும் முகம், எல்லாம் கண் முன்னால் வரிசையாக வந்தன. கூடவே அந்தச் சுறுசுறுப்பும் வந்தது. டாக்டர் அம்மாள் இதைத் தூக்கினால் உடைந்த துண்டு வெளியே விழும். விழாமல் இருக்க ஓட்டையை அடைக்க வேண்டும். எதை வைத்து?

தமிழன் எதை எதை வைத்து ஒட்டுவானோ அதை வைத்துத்தான். பட்டம் ஒட்டியது, பள்ளி நோட்டுக்கு அட்டை போட்டது, கலியாணப் பத்திரிகை உறை ஒட்டியது எல்லாமே எங்கள் வீட்டில் சோற்றுப் பருக்கையால்தான். ஓடிப்போய் டிபன் பாக்ஸை எடுத்துவந்தேன். வத்சலா காலையில் தாளித்துக் கட்டிக்கொடுத்த தயிர்சாதம். ஒரு உருண்டை எடுத்து மசித்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. பொம்மையோ செங்கல் நிறம். ஒரு கணம் திகைத்து, பாக்ஸின் மூலையிலிருந்த எலுமிச்சை ஊறுகாயில் அந்த உருண்டையைப் புரட்டினேன். நிறம் அச்சு அசலாகப் பொருந்திவிட்டது. (என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே கலைப்பணி அது.) கறிவேப்பிலையை ஞாபகமாகப் பொறுக்கிப் போட்டுவிட்டு, ஓட்டைக்குள் அமுக்கி, விரலால் தடவி, பெண்மணியைப் பழைய இடத்தில் உட்காரவைத்தேன். கண்ணாடி மாட்ட ஆட்கள் வந்தபோது நான் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தேன்.

மத்தியானம் ஜெரோம் ஏசியைச் சரிசெய்துவிட்டார். கூடமெங்கும் ஜில்லென்று ஆனது. எனக்கு மட்டும் வியர்த்துக் கொட்டியது. கண்ணாடியையும் தாண்டி ஊறுகாய் வாசனை வருகிறதா என்று ஐந்து நிமிஷத்துக்கொரு தடவை போய் மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். காவலாளி எனக்குச் சளி என்று நினைத்து, இஞ்சி போட்டுச் சாயா கொண்டுவந்து கொடுத்தார்.

மாலையில் டாக்டர் இசபெல் விமான நிலையத்திலிருந்து நேராக வந்தார். குள்ளமான அம்மையார், நரைத்த தலை, தூக்கமில்லாத கண்கள். வந்ததும் ஒவ்வொரு உருவமாகப் பார்த்தார், ஒவ்வொரு அட்டையாகப் படித்தார். கோபமாக நிற்கும் ஆணிடம் கொஞ்சம் நின்றார். கடைக்காரப் பெண்மணியின் அட்டையை இரண்டு தடவை படித்தார். "யார் எழுதியது?" என்றார். உஸ்தாத் ஃபுவாத் கையை என் பக்கம் காட்டினார். அம்மையார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் அந்தக் கூடத்தில் எவ்வளவு சின்னதாக முடியுமோ அவ்வளவு சின்னதானேன்.

அட்டையை மாற்ற நேரமில்லை. விருந்தினர்கள் வந்துவிட்டார்கள். முக்கிய விருந்தாளி ஊரின் பழைய வணிகக் குடும்பத்துப் பெரியவர். கறுப்பு மேலங்கி, ஓரத்தில் தங்கச் சரிகை, கையில் கோல். எங்கள் முதீர், அதாவது டைரக்டர், அவர் முன்னால் குனிந்த முதுகு நிமிரவில்லை.

டாக்டர் அம்மையார் ஒவ்வொன்றாக இங்கிலீஷில் சொல்ல, உஸ்தாத் அரபியில் சொல்லிக்கொண்டே வந்தார். பெண்மணியின் முன்னால் எல்லோரும் நின்றார்கள்.

"இவள் யார் என்று எங்களுக்கு நிச்சயமாகத் தெரியாது" என்றார் அம்மையார். "தெய்வம் என்பவர்கள் உண்டு, அரச குலத்துப் பெண் என்பவர்களும் உண்டு. இறந்துபோன யாருக்கோ துணையாக இவளைக் கூடவே புதைத்திருந்தார்கள். ஆனால் ஒன்று தெரியும். இவளுக்குக் குரல் உண்டு."

கண்ணாடியைத் திறக்கச் சொன்னார். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டார். கூடத்து வாசலில் நின்றிருந்த ஜெரோம் சிலுவை போட்டுக்கொள்வதைப் பார்த்தேன்.

அம்மையார் அவளைத் தூக்கி லேசாகக் குலுக்கினார். கலகல.

"உள்ளே மண் உருண்டைகள். செய்யும்போதே போட்டது. கிலுகிலுப்பை."

உடையவில்லை. நான் எதையும் உடைக்கவில்லை. ஆயிரம் வருஷமாகவே அவள் இப்படித்தான் கலகலத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கடவுளே என்று மனதுக்குள் கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்ட கையை இறக்குவதற்குள் அம்மையார் அடுத்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டார்.

"முதுகில் இருக்கும் இந்த முளை ஊதுவாய். பக்கத்துத் துளை வழியாகச் சத்தம் வரும்."

ஊதுவாயைப் பார்க்கப் பெரியவர் கிட்டே வந்து குனிந்தார். அம்மையார் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே முளையை உதட்டில் வைத்து ஊதினார். சத்தம் வரவில்லை. புருவத்தைச் சுருக்கினார். மூச்சை நன்றாக இழுத்து, கன்னம் உப்ப, இன்னொரு தடவை ஊதினார்.

புஸ்ஸென்று என் கலைப்பணி விடுதலை பெற்று, பெரியவரின் தங்கச் சரிகை மேல் போய் விழுந்தது.

அதற்குப் பின்னால் ஒரு சத்தம் வந்தது. மெல்லிய, நீளமான, தனியான சத்தம். யாரும் அதைக் கேட்கவில்லை. எல்லோரும் சரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதீரின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

பெரியவர் அந்த உருண்டையை எடுத்தார். இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கினார். மூக்கருகே கொண்டுபோனார். மறுபடி முகர்ந்தார். பிறகு, நான் சற்றும் எதிர்பார்க்காத பாஷையில், மெதுவாகச் சொன்னார்.

"யே தோ அச்சார் ஹை."

இது ஊறுகாய் அல்லவா என்கிறார். அந்தக் காலத்துக் குவைத் வணிகர்கள் பாய்மரக் கப்பலில் பம்பாய்க்கும் கோழிக்கோட்டுக்கும் போய் மாதக் கணக்கில் தங்கியவர்கள் என்பது எனக்கு அதற்கு முன்னால் தெரியாது. அவர் தலையை உயர்த்தி, அரபு முகங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தாண்டி, கடைசியில் என் முகத்தில் பார்வையை நிறுத்தினார்.

"பாய், இதர் ஆவ்."

போனேன்.

"துமாரா ஹை?"

உன்னுடையதா என்று கேட்கிறார். எனக்குத் தெரிந்த இந்தி முழுவதும் அந்த நேரத்தில் ஊருக்குப் போய்விட்டது. "ஓட்டை... சேத்... தேக்கா. டர் கயா சாப். சாவல் டாலா" என்றேன். ஓட்டையைப் பார்த்தேன், பயந்துவிட்டேன், சோற்றைப் போட்டேன்.

பெரியவரின் மேலங்கி குலுங்கியது. தோள் குலுங்கியது. கோலை ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சிரிக்கலாம் என்று ஆனதும் முதீர் சிரித்தார். முதீர் சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள்.

டாக்டர் இசபெல் சிரிக்கவில்லை. அவர் அந்தக் களிமண் பெண்மணியைக் கைக்குட்டையில் குழந்தையைப் போலப் படுக்கவைத்து, துளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். "உப்பும் எலுமிச்சையும் சுட்ட மண்ணை என்ன செய்யும் தெரியுமா?" என்றார். அங்கே இருந்தவர்களில் நிஜமாகவே கோபப்பட்டவர் அவர் ஒருவர்தான். கோபப்பட உரிமை உள்ளவரும் அவர்தான்.

உஸ்தாத் என் காதருகே வந்தார். "வீட்டுக்குப் போ. காலையில் முதீரைப் பார்" என்றார். சண்டை போடும் குரலில் இல்லை, மெதுவாக. அதுதான் என்னை மேலும் பயமுறுத்தியது.

வீட்டில் வத்சலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"அனுப்பிடுவாங்களா?"

"தெரியல."

"ஜன்னலுக்கு நேத்துதாங்க துணி தச்சு மாட்டினேன்" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. எழுந்துபோய்ப் பிரஷர் குக்கரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். பிறகு திரும்பி நின்று, "கட்டிக் குடுத்த சாதத்த ஒழுங்கா சாப்பிட்டிருந்தா இதெல்லாம் வந்திருக்குமா?" என்றாள்.

காலையில் முதீர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"பெரியவர் வீட்டிலிருந்து ஆள் வந்தது" என்றார். "பம்பாயை விட்டு வந்த பிறகு அந்த மாதிரி அச்சார் வாசனையை அவர் முகரவே இல்லையாம். ஒரு ஜாடி வேண்டும் என்கிறார். உன் வேலை அந்த ஜாடியில்தான் இருக்கிறது. இன்னொன்று. இனி காட்சிக்கூடத்துக்குள் நீ எதையும் தொடக் கூடாது. கதவைக்கூட. கலாஸ், அவ்வளவுதான்."

டாக்டர் இசபெல்லும் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். அவர் சுத்தம் செய்து முடிக்கும்வரை நான் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். உட்கார்ந்தேன். மெல்லிய ஊசியால் ஒவ்வொரு பருக்கையாக எடுத்தார். பாதியில், நிமிராமலே, "ஏன் கடைக்காரி?" என்று கேட்டார். கொலுவைப் பற்றிச் சொன்னேன். செட்டியார், செட்டிச்சி, பொம்மையைக் கவிழ்த்துப் பார்ப்பது, அடியில் இருக்கும் ஓட்டை, எல்லாவற்றையும். ஊசியை நிறுத்திக் கேட்டார்.

"நான் இருபது வருஷமாக இவளைப் பார்க்கிறேன், இவள் யார் என்று ஒரு வரி எழுதத் துணிந்ததில்லை" என்றார். "அடுத்த தடவை, தெரியவில்லை என்று எழுதுங்கள். அதுவும் ஒரு வரிதான்."

புது அட்டையை நானே டைப் செய்தேன். அமர்ந்த பெண், ஊதல், யார் என்று தெரியவில்லை. வத்சலாவின் கடுகு ஒன்று மட்டும் ஊசிக்குத் தப்பி ஆழத்தில் போய்விட்டது. அம்மையார் ஸ்பானிஷில் ஏதோ ஒரு வார்த்தை சொன்னார், அர்த்தம் கேட்கவில்லை. அந்தக் கடுகோடுதான் களிமண் பெண்மணி மெக்சிகோவுக்குத் திரும்பிப் போனாள்.

வத்சலா குக்கரை வெளியே எடுத்தாள். நாங்கள் குவைத்தில் இருந்த காலம் முழுக்கப் பெரியவர் வீட்டுக்கு ஊறுகாய் போனது. என் வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தது பி.ஏ. ஹிஸ்டரி, காப்பாற்றிக் கொடுத்தது எலுமிச்சை என்று அவள் எல்லோரிடமும் சொல்வாள். என் பெண் பள்ளிக்கூடம் போகும் வயதில், வீட்டில் எது உடைந்தாலும், "அம்மா, அப்பா வரதுக்குள்ள சாதத்த மூடி வை" என்பாள்.

போன வருஷம் அந்தப் பெண் எனக்கு ஒரு புதுக் கைப்பேசி வாங்கிக்கொண்டு வந்தாள். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பிரித்தேன். முகத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பினேன். கீழ் விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். "என்னம்மா, புதுசுலயே இப்படி..." என்று நான் ஆரம்பித்தேன். வத்சலா எழுந்து, சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.